குற்றப்பத்திரம் என்றால் தீர்ப்பா?

வெள்ளவத்தை நெசவாலை நின்ற நிலத்தில் இன்று வானளாவிய மாடி வீடுகள் எழுந்துள்ளன. அவற்றுக்கு அணித்தே, ஹெவ்லொக் டவுனில் வாழும் சட்டத்தரணி நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். முன் விறாந்தையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். வன்னியிலிருந்து இரவுப் பேருந்தில் வந்திறங்கிய கமக்காரர். மடியிலே ஒரு காகிதக் கட்டு. அதன்மேல் மடித்து வைத்த பத்திரிகைத் துணுக்கு ஒன்று.

அவருடைய மகன் வெள்ளவத்தையில் ஒரு கடையில் வேலை பார்க்கும் இளைஞன். சில ஆண்டுகளுக்கு முன் தெருவில் நடந்த கைகலப்பொன்றில் ஒருவர் படுகாயமடைந்தார். அவ்வழக்கில் மகனுடைய பெயரும் சேர்ந்துகொண்டது. அவன் பிணையில் நின்றான். வழக்கு நீதவானிடம் கிடந்து, பின்னர் புதுக்கடை மேல் நீதிமன்றத்துக்குச் சென்றது. அச்செய்தியைத்தான் பத்திரிகை வெளியிட்டிருந்தது: ‘ஐவர்மீது குற்றப்பத்திரம் தாக்கல்’. முதியவர் எம்மை நோக்கி, “தம்பி, பொடியன் குற்றவாளி எண்டு பத்திரமே குடுத்திட்டினமாம். இனி என்ன விசாரணை?” என்றார்.

அவருடைய கவலை மகனோடு முடியவில்லை. மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் அத்துணுக்கோடு நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் சாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ‘குற்றம் பத்திரத்திலே ஏறிவிட்டது’ என்பதே அவர்கள் சொன்ன நியாயம்.

அவரைப் படிப்பறியாதவர் என்று தள்ளிவிட முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் உத்தியோகம் பார்க்கும் குடும்பத்தினர். அவர்களும் அச்சொல்லை அவ்வாறே விளங்கிக்கொண்டார்கள். மருத்துவரும் பொறியியலாளரும் ஆசிரியருங்கூட அச்சொல்லைக் கேட்டவுடன் குரலைத் தாழ்த்துவதை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே பிழை கேட்போரின் அறியாமையில் மட்டும் இல்லை. சொல்லிலேயே இருக்கிறது.

நம் மக்கள் ‘பத்திரம்’ என்ற சொல்லை எங்கெங்கே சந்திக்கிறார்கள்? பிறப்புச் சாட்சிப் பத்திரம், விவாகப் பத்திரம், காணி உறுதிப் பத்திரம், நற்சாட்சிப் பத்திரம். இவையெல்லாம் ஒன்றை மெய்யென்று உறுதிசெய்யும் தாள்கள். பிறப்புப் பத்திரம் இருந்தால் பிறந்தது மெய். காணிக்கு உறுதி இருந்தால் உரிமை மெய். அப்படியாயின் குற்றப்பத்திரம் இருந்தால் குற்றமும் மெய் என்று ஒரு கமக்காரர் எண்ணுவதில் வியப்பென்ன? ‘குற்றம்’, ‘பத்திரம்’ என்ற இரண்டு சொற்களுக்கும் நடுவே நிற்க வேண்டிய ‘சாட்டு’ என்னும் சொல் உதிர்ந்துபோயிற்று. அந்த ஒரு சொல் விழுந்த பள்ளத்திலே எத்தனை குடும்பங்கள் விழுகின்றன!

ஆங்கிலத்தில் இதனை ‘இண்டைற்மென்ற்’ என்பர். எழுதும்போது அதில் ஓர் எழுத்து உண்டு; ஒலிக்கும்போது அவ்வெழுத்து இல்லை. பள்ளிப் பிள்ளைகளை மட்டுமன்றிப் பட்டதாரிகளையும் இடறவைக்கும் சொல் அது. அதன் பழைய வேரோ எளிமையானது: எழுத்தில் வைத்து உரைத்தல் என்பதே பொருள். நம் அரச மொழிபெயர்ப்பாளர்கள் இதற்குக் ‘குற்றப்பகர்வு’ என்று ஒரு சொல் ஆக்கினார்கள். அதனைக் கேலிசெய்வோர் உண்டு; நாம் அவர்களோடு சேரமாட்டோம். பகர்தல் என்றால் சொல்லுதல். அரசு ஒருவர்மேல் குற்றம் சொல்லுகிறது, அவ்வளவே. பொருளளவில் அது செம்மையான சொல். ஆனால் சட்டப் புத்தகத்தை விட்டு அது வெளியே வரவில்லை. பத்திரிகைகள் அதனை எடுத்தாளவில்லை. ஊரவர் வாயில் அது புகவில்லை.

தமிழகத்துப் பத்திரிகைகளைப் படிக்கும் நம்மவருக்கு இன்னொரு மயக்கமும் உண்டு. அங்கே ‘குற்றப்பத்திரிகை’ என்பது பொலிசார் தம் புலனாய்வை முடித்து நீதிமன்றத்தில் வைக்கும் அறிக்கை. அதனைப் படித்துப் பார்த்த பின்னரே நீதிபதி, வழக்கு நடத்தப் போதிய காரணம் உண்டா என்று தேர்ந்து, குற்றச்சாட்டுகளை வனைகிறார். இங்கே நிலை வேறு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, மேல் நீதிமன்றத்துக்கு வரும் குற்றப்பத்திரம் சட்டமா அதிபரிடமிருந்து வருகிறது. பொலிசார் நீதவானுக்குக் கொடுப்பது ‘பி அறிக்கை’. அது விசாரணை எந்த மட்டில் நிற்கிறதென்று கூறும் தாள். நீதவான் நீதிமன்றத்தில் விளங்கப்படும் சிறு வழக்குகளில் எதிரிக்கு வாசித்துக் காட்டப்படுவது குற்றச்சாட்டு. கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றங்களிலேதான் கோவை சட்டமா அதிபர் திணைக்களத்துக்குச் சென்று, குற்றப்பத்திரமாக மேல் நீதிமன்றத்துக்குத் திரும்புகிறது. கடல் கடந்து வரும் ஏட்டில் ஒரு பொருளையும் உள்ளூர் ஏட்டில் வேறொரு பொருளையும் ஏறக்குறைய ஒரே சொல் தாங்கி நிற்பதால், படிப்பவர் திகைக்கிறார்.

பழைய இங்கிலாந்தில் ஒருவரைப் பெருவழக்கில் நிறுத்தலாமா என்பதைக் குடிமக்கள் கூடிய பெரும் யூரிச் சபை ஒன்று முடிவுசெய்தது. 1933ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்நாட்டில் அவ்வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது. அமெரிக்க மத்திய நீதிமன்றங்களில் இன்றும் உண்டு. நம் நாட்டில் அந்த முடிவு ஓர் அரச அலுவலரின் கையில் இருக்கிறது. பத்திரம் அனுப்பவும், அனுப்பாது விடவும், அனுப்பியதை மீளப்பெறவும் சட்டமா அதிபருக்கு அதிகாரம் உண்டு. அத்தாள் நீதிபதி எழுதியதன்று. அதைத் தயாரித்தபோது நீதிபதி எந்தச் சாட்சியையும் கேட்கவில்லை. அது வழக்கில் ஒரு கட்சிக்காரரின் வாய்மொழியே. அந்தக் கட்சிக்காரர் அரசாக இருப்பதால் அதற்கு முத்திரையும் மிடுக்கும் கிடைத்துவிடுகின்றன. விதைநெல்லைக் காட்டி விளைச்சல் இதுவென்று ஒருவன் சொன்னால் எந்தக் கமக்காரராவது நம்புவாரா?

நிற்க. நீதிமன்றத்தின் பிற சொற்களும் நம் மக்களுக்கு எதிராகவே அணிவகுத்து நிற்கின்றன. குற்றஞ் சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றங்கள் ‘எதிரி’ என்று அழைக்கின்றன. எதிர்த்தரப்பில் நிற்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள், அதில் பழுதில்லை. ஆனால் வயல்வெளியிலிருந்து வந்தவரின் காதில் அச்சொல் பகைவன் என்றே விழுகிறது. “முதலாம் எதிரி” என்று மகனை அழைக்கும்போது தந்தையின் நெஞ்சு எப்படிப் பதறும்! அவன் ஏறி நிற்கும் இடத்தைக் ‘குற்றவாளிக் கூண்டு’ என்று எழுதுகிறார்கள். வழக்கே தொடங்கவில்லை, அதற்குள் கூண்டும் ஆயத்தம், குற்றவாளியும் ஆயத்தம். நம் பத்திரிகைத் தோழர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். ‘எதிரிக் கூண்டு’ என்று எழுதினால் மை அதிகம் செலவாகாது.

இவை வெறும் சொல்லாராய்ச்சி என்று நினைப்போருக்கு அரசியலமைப்பையே காட்டுவோம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 13ஆம் உறுப்புரையில், குற்றவாளியென எண்பிக்கப்படும் வரை எவரும் சுற்றவாளியென்றே கொள்ளப்படுவர் என்று விதிக்கிறது. கைதாகும் எவருக்கும் அக்கைதின் காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்றும் அதே உறுப்புரை கூறுகிறது. நாட்டின் தலைமைச் சட்டம் சுற்றவாளியென்று கொள்ளும் ஒருவரை நாட்டின் செய்தித்தாள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது.

குற்றப்பத்திரம் கையளிக்கப்படும் நாளின் காட்சியும் இம்மயக்கத்தை வளர்க்கிறது. அன்று எதிரியின் விரலடையாளம் எடுக்கப்படும். பிணையா மறியலா என்று கட்டளை பிறக்கும். சில வேளை கடவுச்சீட்டும் நீதிமன்றத்தின் வசமாகும். இவற்றைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்கும் உறவினர், எல்லாம் முடிந்துவிட்டதென்று கண்ணீர் விடுகிறார்கள். உண்மையில் அன்றுதான் வழக்குத் தொடங்குகிறது.

இதுகாறும் கூறியது சொல்லின் ஒரு பக்கம். அதன் மறுபக்கத்தை நம் மக்கள் அறவே மறந்துவிட்டார்கள். குற்றப்பத்திரம் அச்சுறுத்தும் தாள் மட்டுமன்று, குற்றஞ் சாட்டப்பட்டவருக்கு அது ஒரு காப்புமாகும். எந்தக் குற்றம், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்த நாள், எந்த இடம், யாருக்கு எதிராக என்பவற்றை அது சொல்லியாக வேண்டும். சாட்சிகளின் பட்டியலும் சான்றுப் பொருள்களின் பட்டியலும் அதனோடு வரவேண்டும். அதாவது, அரசு தன் வாயைத் திறந்து தன் வழக்கை வரையறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் திகதி கொழும்பில் நடந்ததென்று சொன்ன அரசு, பிறகு இருபதாம் திகதி கண்டியில் நடந்ததென்று நினைத்தபடி தாவ முடியாது. திருத்துவதாயின் நீதிமன்றத்தின் அனுமதியோடு, எதிரிக்கு அறிவித்தே திருத்த வேண்டும். ஆகவே குற்றப்பத்திரம் வருவதைவிடக் கொடுமையானது அது வராதிருப்பதே. மதுரையிலே கோவலனுக்கு நேர்ந்தது அதுதான். இன்ன நாள், இன்ன சிலம்பு, சொன்னவர் இன்னார் என்று அவனிடம் ஒருவர் கூறி, அவன் மறுமொழியைக் கேட்டிருந்தால் ஒரு நகரம் எரிந்திராது.

இலங்கைத் தமிழர் இக்கொடுமையை நன்கு அறிவர். 1961ஆம் ஆண்டு ஏப்பிரலில், வடக்குக் கிழக்குக் கச்சேரிகளின் முன் நடந்த சத்தியாக்கிரகத்தை ஒடுக்க அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டபோது, தமிழ்த் தலைவர்கள் பனாகொடை இராணுவ முகாமில் அடைக்கப்பட்டார்கள். திங்கள் பல கழிந்தன. அவர்கள் கையில் எந்தக் குற்றப்பத்திரமும் தரப்படவில்லை. தடுப்புக் கட்டளையே போதுமானதாயிற்று. 1976இல் நிலை மாறியது. அ. அமிர்தலிங்கம் முதலிய தலைவர்கள், துண்டுப்பிரசுரம் விநியோகித்ததாகக் குற்றஞ் சாட்டப்பட்டு, யூரியற்ற ‘ட்ரயல் அட் பார்’ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். சா. ஜே. வே. செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம், மு. திருச்செல்வம் ஆகிய மூவரும் அவர்களுக்காக ஒரே வழக்கில் தோன்றினார்கள். குற்றச்சாட்டு எழுத்தில் இருந்தமையாலன்றோ அதன் அடிக்கல்லாகிய அவசரகால விதிகளே செல்லுமா என்று வாதாட முடிந்தது! தலைவர்கள் எவரும் தண்டிக்கப்படாமலே அவ்வழக்கு முடிந்தது. பனாகொடையில் வாதாட எதுவும் இருக்கவில்லை. காற்றோடு யார் வாதாடுவார்?

பின்னர் வந்தது 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம். ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயரோடு வந்து பல பதிற்றாண்டுகள் நிலைத்த அச்சட்டம், குற்றஞ் சாட்டாமலே ஒருவரை மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை அமைச்சரின் கட்டளையால் தடுத்துவைக்க இடங்கொடுத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 12 மாதமாகக் குறைத்தது. இந்தியாவின் பொதுச் சட்டத்திலோ 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிடின், சிறையிலிருப்பவர் பிணை கேட்கும் உரிமை பெறுகிறார். அங்குள்ள கடுஞ்சட்டத்தின் கீழும் எல்லை 180 நாள். அங்கும் குறைகள் மலிந்துள்ளன என்பதை அறிவோம். எனினும் நாளை எண்ணுவதற்கு ஒரு கணக்காவது இருக்கிறது.

பத்திரிகையாளர் ஜே. எஸ். திஸ்ஸநாயகம் 2008 மார்ச்சில் கைதானார். அவர்மீது குற்றப்பத்திரம் வந்தது ஓகஸ்ட் மாதத்தில். ஐந்து மாதங்களுக்கு மேல், தாம் செய்த குற்றம் யாதென்று எழுத்தில் அறியாமலே அவர் மறியலில் இருந்தார். வந்த பத்திரத்தில் இருந்த முதன்மையான குற்றமோ 2006இல் ஒரு திங்களிதழில் அவர் எழுதிய கட்டுரைகள்! 2009 ஓகஸ்டில் கொழும்பு மேல் நீதிமன்றம் 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதித்தது. 2010 ஜனவரியில் பிணையும், அவ்வாண்டு மே மாதம் ஜனாதிபதியின் மன்னிப்பும் கிடைத்தன. தமிழ்க் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் கைதானார். அவருடைய கவிதை நூலொன்றும் கைதுக்குக் காரணமாகக் காட்டப்பட்டது. குற்றப்பத்திரம் 2021 நவம்பரில் வந்தது. மறுமாதம் பிணை. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலைசெய்தது. எண்ணிப் பாருங்கள்: பத்திரம் வரும்வரை ஏறத்தாழ 18 மாதம் அவர் அடைபட்டிருந்தார், பத்திரம் வந்த பிறகே பிணையும், ஈற்றில் விடுதலையும் வந்தன. எந்தத் தாளைக் கண்டு வன்னித் தந்தை நடுங்கினாரோ, அந்தத் தாள் வந்த பிறகுதான் அவ்விளைஞருக்குக் கதவு திறந்தது.

இன்னொன்று மொழி. முதியவரின் மடியிலிருந்த கட்டை நண்பர் விரித்தார். அத்தனையும் சிங்களத்தில். மகனுக்குக் கடை வியாபாரத்துக்குப் போதிய சிங்களம் தெரியும். சட்டச் சிங்களம் தெரியாது. தந்தைக்கு ஓர் எழுத்தும் தெரியாது. மட்டக்களப்புச் சிங்கராசாவின் வழக்கைச் சட்டம் பயின்றோர் அறிவர். 1993இல் கைதான அவர் தமிழ் மட்டுமே பேசுபவர். அவருடைய வாக்குமூலமெனச் சொல்லப்பட்டது சிங்களத்தில் எழுதப்பட்டது. அதன்கீழ் அவருடைய பெருவிரல் அடையாளம் பதிக்கப்பட்டது. 1994இல் குற்றப்பத்திரம், 1995இல் 50 ஆண்டுத் தண்டனை. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லையென 2004இல் கண்டது. ஆனால் 2006இல் நம் உயர் நீதிமன்றம் அக்கருத்துக்கு இங்கே வலுக்கொடுக்க மறுத்துவிட்டது. தனக்கு விளங்காத மொழியிலுள்ள தாளின்மேல் ஒரு மனிதனின் வாழ்நாளில் பாதி கட்டப்பட்டது.

1980இல் இலங்கை ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கை, குற்றச்சாட்டின் தன்மையையும் காரணத்தையும் எதிரிக்கு விளங்கும் மொழியில், விரைவாகவும் விரிவாகவும் அறிவிக்க வேண்டுமென்கிறது. நம் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையும் நீதிமன்ற மொழியை அறியாதவருக்கு மொழிபெயர்ப்பும் உரைபெயர்ப்பும் தரவேண்டுமென்கிறது. உரிமை ஏட்டில் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டுப் பெறவேண்டும். கேளாதவருக்கு எவரும் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுப்பதில்லை. புதுக்கடையில் தொழில்புரியும் தமிழ்ச் சட்டத்தரணிகளை நாம் வேண்டுவது இது: உங்கள் கட்சிக்காரர் உங்களிடம் சிங்களம் படித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தமிழ்ப்படி கோரி, முதல் தவணையிலேயே விண்ணப்பம் செய்யுங்கள். தவணை ஒன்று பிந்தினாலும் பிந்தட்டும்.

சொல்லைப் பற்றிய எம் முடிபையும் சொல்லிவிடுகிறோம். ‘குற்றச்சாட்டுப் பத்திரம்’ என்றே இனி எழுதுவோம். நீதவான் நீதிமன்றத்துக் ‘குற்றச்சாட்டோடு’ இது கலந்து மயங்கும் என்று சட்டத்தரணி நண்பர் மறுத்தார். மயங்கட்டும். இரண்டு நீதிமன்றங்களுக்கு இடையே மயங்குவதால் எந்தச் சாதகமும் திரும்பி வராது. சாட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையே மயங்குவதால் வருகிறது. வேறுபாடு வேண்டுவோர் ‘மேல் நீதிமன்றக் குற்றச்சாட்டுப் பத்திரம்’ என எழுதிக்கொள்ளலாம். பழி சாட்டுதல், குறை சாட்டுதல் என்ற வழக்குகள் ஊரிலே கிழவியும் அறிந்தவை. சாட்டியதெல்லாம் மெய்யாகிவிடாதென்பதும் அவளுக்குத் தெரியும்.

நண்பர் பத்திரத்தை வாசித்து, ஒவ்வொரு குற்றச்சாட்டாகத் தமிழில் சொன்னார். மகனுடைய பெயர் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மாத்திரம் இருந்தது. சாட்சிப் பட்டியலில் பதினொருவர். முதியவர் கையை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டார். அடுத்த தவணை மாசியில் என்றதும், “அது அரிவி வெட்டுற காலமெல்லோ தம்பி, நான் வரவேணுமோ?” என்று கேட்டார். மகன் வந்தாற் போதும் என்றார் நண்பர். நாட்காட்டித் தாளொன்றின் பின்புறத்தில் திகதியை எழுதி வாங்கி, பணப்பையில் பத்திரப்படுத்தினார்.

எழுந்தவர் திரும்பவும் அமர்ந்தார். மாப்பிள்ளை வீட்டாருக்கு, இது தீர்ப்பன்று, வழக்கு இனித்தான் தொடங்குகிறதென்று ஒரு கடிதம் எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். சட்டத்தரணியின் கையொப்பத்தோடு, அச்சடித்த கடிதத் தாளில் வேண்டும் என்றார். வெறுந்தாளில் எழுதினால் நம்பமாட்டார்களாம். நண்பர் எழுதிக் கொடுத்தார். சொற்களை நாம் ஒருமுறை பார்த்துக் கொடுத்தோம். அக்கடிதம் போய்ப் பத்து நாளாகிறது. பதில் இன்னும் வரவில்லை.